கடினம்னு போடாதீங்க

தெய்வநாயகிக்கு அந்த அழைப்பு வந்தபோது அவள் புதுச்சத்திரம் நிறுத்தத்தில் சேலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். பேசிய பெண் தன் பெயர் மோனிஷா என்றும், ‘பாரவண்டி’ என்ற போன் விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து பேசுவதாகவும் சொன்னாள். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களிலும் அந்த விளையாட்டில் அதிக தூரம் லாரி ஓட்டியிருப்பவர் தெய்வநாயகிதானாம். பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல். வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு விழா வைத்திருக்கிறோம், மேடையில் கேடயம் தருகிறோம், கட்டாயம் வரவேண்டும் என்றாள்.

தெய்வநாயகி முழுக்கக் கேட்டுவிட்டு, தான் அந்த விளையாட்டை விட்டு இரண்டு மாதம் ஆகிறது என்றாள்.

அந்தப் பக்கம் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மோனிஷா, ஆமாம் மேடம், இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். விளையாட்டை விட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பதிவு செய்வதும் அவள் வேலைதானாம். ஒரு நிமிஷம் ஒதுக்கமுடியுமா என்று கேட்டாள். அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. போனில் இடம் போதவில்லையா? விளம்பரம் அதிகமாக வருகிறதா? விளையாட நேரம் இல்லையா? விளையாட்டு கடினமாக இருந்ததா?

இதில் எதுவும் இல்லை என்றாள் தெய்வநாயகி. ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் போகும் என்றாள் மோனிஷா. அதற்குள் பஸ் வந்து நின்றுவிட்டது.

“கடினம்னு போட்டுக்கட்டுங்களா மேடம்?”

“கடினம்னு போடாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே தெய்வநாயகி படியில் ஏறினாள். கூட்ட நெரிசலில் போன் பைக்குள் போய்விட்டது.

மல்லூர் வருவதற்குள் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. ‘அன்புள்ள தெய்வநாயகி, பாரவண்டி உங்களுக்குக் கடினமாக இருந்ததற்கு வருந்துகிறோம். புதிய ஓட்டுநர்களுக்கான எளிய பயிற்சியை உங்களுக்காகத் திறந்து வைத்திருக்கிறோம்.’ கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். நாற்பத்திரண்டு வயதுக்குள் அவள் எத்தனையோ பேச்சை வாங்கி விழுங்கியிருக்கிறாள். அவற்றோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் தொண்டையில் இறங்கமாட்டேன் என்றது. சேலத்தில் இறங்கியதும் மோனிஷாவை அழைத்து, ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்று மட்டும் சொன்னாள். மோனிஷாவுக்கு ஒரே சந்தோஷம்.

அந்த விளையாட்டை முதலில் அவள் போனில் ஏற்றிக் கொடுத்தது அவள் கணவன் பொன்னன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அவன் வெல்டர். பட்டறையில் இருந்த எல்லோரும் அப்போது அதைத்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பவேண்டும். சேலம், தொப்பூர், பெங்களூர், ஹூப்ளி, புனே என்று சாலை நீண்டுகொண்டே போகும். திரும்பி வரும்போது வெங்காய லோடு. நம்ம ஊர் ரோட்டை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், பார் என்று காட்டினான். அவளுக்கு ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாது. சும்மா தொட்டுப் பார்த்தாள். அன்று லாரி சேலம் போய்ச் சேரும்வரை தலை நிமிரவில்லை.

காலையில் பஸ்ஸில் போகும் அந்த ஐம்பது நிமிஷமும், மத்தியானம் சாப்பிட்டபின் கிடைக்கும் பதினைந்து நிமிஷமும் அவளுடைய லாரி நேரம் ஆயின. அவள் வேகமாக ஓட்டியதே இல்லை. எங்கே வேண்டுமானாலும் ஓரங்கட்டலாம். இறங்கி வண்டியைச் சுற்றி வரலாம், டயரைக் காலால் தட்டிப் பார்க்கலாம். கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் ஒரு நாய் உண்டு, லாரி நின்றால் ஓடி வந்து வாலாட்டும். தொப்பூர் மலைப்பாதையில் சில நாள் மழை பிடித்துக்கொள்ளும். அவள் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடி மேல் தண்ணீர் வழிவதையும் வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவதையும் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவாள். ஏன் நின்றாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். முட்டையும் கெட்டுப்போகாது. இப்படி ஓட்டியே ஒன்றரை வருஷத்தில் பதினோராயிரம் கிலோமீட்டர் சேர்ந்துவிட்டது. சேர்வது அவளுக்கே தெரியாது.

அவள் வேலை பார்த்தது சேலத்தில் நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றில், மூன்றாம் மாடிப் பட்டுப்புடவைப் பிரிவில். பதினோரு வருஷமாக அங்கேதான் இருந்தாள். வருகிறவர் கண் எந்தப் புடவையில் நிற்கிறது, விலைச்சீட்டைப் பார்த்ததும் எங்கே நகர்கிறது என்பதை வைத்தே அடுத்து எதை விரிக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் பில் போடும் இடத்தில் ஒரு சிறிய திரையை வைத்தார்கள். வாடிக்கையாளர் அதில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தொடவேண்டும். விற்றவர் பெயரோடு அது பதிவாகும். ‘அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க மேடம்’ என்று விற்றவரே வாடிக்கையாளரோடு நடந்து போய்க் கேட்கவேண்டும் என்பது உத்தரவு. தினமும் காலையில் கடை திறக்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, ஃப்ளோர் மேனேஜர் சுவாமிநாதன் முந்தின நாள் நட்சத்திரங்களைப் பெயர் பெயராகப் படிப்பார். ஒருமுறை ஓர் அம்மாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து நாற்பது புடவை விரிக்கச் சொல்லி, தன் மகள் கேட்ட கிளிப்பச்சை கிடைக்காத கோபத்தில் ஒரு நட்சத்திரம் தொட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அந்த ஒன்று சத்தமாகப் படிக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற இருபது வயதுப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் தெய்வநாயகி சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு ஹூப்ளி சாலையில் ஏழு கிலோமீட்டர் ஓட்டினாள். பிறகுதான் மறுபடியும் மாடியேறிப் புடவை விரிக்க முடிந்தது.

அதனால்தான், பாரவண்டி புதுப்பிக்கப்பட்டபோது நடந்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு காலை பஸ்ஸில் உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். தொப்பூரில் மழை. வழக்கம்போல நின்றாள். பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் திரை இருண்டு மூன்று நட்சத்திரக் குழிகள் தோன்றின. ஒன்று மட்டும் நிறைந்தது. ‘தாமதம். தேவையற்ற நிறுத்தம். முன்னேற்றம் தேவை’ என்று எழுத்து வந்தது. எல்லாப் பயணத்திலும் மூன்று நட்சத்திரம் வாங்கினால்தான் அடுத்த ஊர் திறக்கும் என்றது. ஒன்றரை வருஷமாக அவள் போய்வந்த ஹூப்ளி சாலைக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

உடனே அவள் விட்டுவிடவில்லை. முதலில் ஒரு வீம்பு வந்தது. வாங்கிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள். எந்த இடத்தில் எந்த கியர், எந்த இறக்கத்தில் எப்போது பிரேக்கை விடவேண்டும், எந்த டோல்கேட்டில் எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டாள். மூன்றே வாரத்தில் பத்தொன்பது பாதையிலும் மூன்று நட்சத்திரம் வாங்கிவிட்டாள். பூட்டெல்லாம் திறந்தது. பட்டறையில் பொன்னனுக்குப் பன்னிரண்டு பாதைதான் திறந்திருந்தது.

கடைசிப் பாதையை முடித்த அன்று பஸ் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண், போதமலை மேல் இப்படி மேகம் இறங்கி எத்தனை நாளாச்சு என்று யாரிடமோ சொன்னாள். தெய்வநாயகி நிமிர்ந்து பார்த்தாள். மலையின் பாதி வெள்ளையாக மூடிக் கிடந்தது. மூன்று வாரமாக அவள் இந்த ஜன்னல் வழியாக எதையும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதுமட்டுமில்லை, விளையாட்டுக்குள்ளும் எதையும் பார்க்கவில்லை. கிருஷ்ணகிரி டீக்கடை நாய் இருக்கிறதா இல்லையா என்றே அவளுக்குத் தெரியாது. திரையின் மூலையில் ஓடிய கடிகாரத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள். தோள்பட்டை இரண்டும் காலைக் கூட்டத்தில் நிற்கும்போது இருப்பதுபோல இறுகிக் கிடந்தன. மல்லூரில் பஸ் நின்றபோது அவள் விளையாட்டைப் போனிலிருந்து எடுத்துவிட்டாள்.

பொன்னனுக்கு இது புரியவே இல்லை. அவனுக்கு நட்சத்திரம் வந்த பிறகுதான் விளையாட்டு பிடித்தது. முன்பெல்லாம் போய்க்கொண்டே இருக்கவேண்டும், எதற்கு என்றே தெரியாது, இப்போதுதான் ஒரு முனைப்பு வந்திருக்கிறது என்பான். அவள் விழாவுக்குப் போகப்போவதாகச் சொன்னபோது, கேடயத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடு, ஏதும் சொல்லி வைக்காதே என்றான். சொல்லத்தான் போகிறேன் என்றாள் அவள்.

ஜவுளிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பது சுலபமில்லை. செவ்வாய்க்கிழமை வார விடுமுறையை ஒரு தோழியிடம் மாற்றிக்கொண்டு, வேலைக்குக் கட்டும் சீருடைப் புடவை இல்லாமல் தன் சொந்தப் புடவையில் ஃபேர்லேண்ட்ஸ் போனாள்.

ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கூடம். எண்பது பேர் இருக்கும். பெரும்பாலும் இளவட்டங்கள், நடுவில் நாலைந்து உண்மையான லாரி ஓட்டுநர்கள். மேடையில் பெரிய திரையில் தொப்பூர் இறக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மோனிஷா அவளைக் கண்டுபிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். நேரில் பார்த்தால் மிகச் சின்னப் பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு மடிக்கணினி. அந்தக் கடினம் சமாச்சாரத்தை மாற்றினீர்களா என்று தெய்வநாயகி கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று மோனிஷாவுக்கு ஞாபகமே இல்லை. யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த இளைஞன் தானாகவே பேச ஆரம்பித்தான். பெயர் ஷாஹுல், சேலம் கடைவீதியில் அவன் மாமாவின் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடையில் வேலை பார்க்கிறான். தெய்வநாயகியும் தன் கடையையும் பட்டுப் பிரிவையும் சொன்னாள். நட்சத்திரக் கணக்கில் அவன்தான் முதலிடம். எந்தெந்தப் பாதையில் எத்தனை நொடி மிச்சம் பிடித்தான் என்று கண்கள் மின்னச் சொன்னான். தெய்வநாயகி, இந்த நட்சத்திரத்தில் உங்களுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்தான்.

“எட்டு வருஷமா மாமா கடையில இருக்கேன்க்கா. நல்லா செஞ்சேன்னு ஒரு தடவகூட அவரு வாயில வந்ததில்ல. இது ஒவ்வொரு ட்ரிப்புக்கும் சொல்லுது.”

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம் என்றே அவளுக்குப் பட்டது.

முதல் பரிசு அவனுக்குத்தான். கைதட்டல் கூரையை முட்டியது. அடுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கம்பெனியின் சொந்தக்காரர் ஆனந்தகுமார் கேடயத்தோடு நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், இரண்டு கையாலும் வணக்கம் சொன்னார். கேடயத்தில் ஒரு பித்தளை லாரி, அதன் தலைக்கு மேல் மூன்று நட்சத்திரம். ‘நெடுவழி அரசி’ என்று பொறித்திருந்தார்கள். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார்.

தெய்வநாயகி மேடையேறிப் பேசியதில்லை. ஆனால் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த வண்டிய ஒன்றர வருசம் ஓட்டுனனுங்க. ரொம்பப் புடிச்சு ஓட்டுனேன். இப்ப உட்டுட்டேன். உட்டு ரெண்டு மாசமாச்சு. அதச் சொல்லத்தான் வந்தனுங்க.”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனந்தகுமார் சமாளித்துக்கொண்டு வேறொரு மைக்கை எடுத்தார். புதிய முறை சிலருக்கு ஆரம்பத்தில் கஷ்டமாக இருக்கும், அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது, அதனாலென்ன, இங்கேயே பெரிய திரையில் ஒரு நடை ஓட்டட்டும், நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லிக் கொடுப்போம் என்றார். கைதட்டினார்கள். உற்சாகத்தோடுதான் தட்டினார்கள், கேலி செய்ய இல்லை. ஒருவன் ஓடி வந்து விளையாட்டு திறந்திருந்த ஒரு போனை அவள் கையில் கொடுத்தான்.

அவள் அந்தப் போனைப் பார்த்தாள். வண்டி நாமக்கல்லில் புறப்படத் தயாராக நின்றது. ஓட்டினால் எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியும், விரல்கூடத் துடித்தது. ஆனால் ஓட்டிவிட்டால் கதை வேறாகிவிடும். அட, அக்காவுக்கு நன்றாகத்தான் வருகிறது, பிறகென்ன, மறுபடியும் ஆடுங்கள் என்பார்கள். போனை மேஜைமேல் வைத்தாள்.

“நான் ஓட்டிக் காட்ட வரலீங்க.” ஆனந்தகுமார் பக்கம் திரும்பினாள். “கடினம்னு போடாதீங்கன்னு அந்தப் புள்ளகிட்டச் சொன்னேன். போட்டுட்டீங்க. பயிற்சி தாரேன்னு மெசேஜும் அனுப்புனீங்க. உங்க கம்ப்யூட்டர்ல என்ற பேரைப் போட்டுப் பாருங்க. பத்தொம்பது ரோட்டுலயும் மூணு ஸ்டாரு. உட்ட அன்னைக்கு ஓட்டுன கடைசி ட்ரிப்பும் மூணு ஸ்டாருதானுங்க.”

ஆனந்தகுமார் மோனிஷாவைத் திரும்பிப் பார்த்தார். மோனிஷா மடிக்கணினியைத் திறந்து தேடினாள். யாரும் சொல்லாமலே அதைப் பெரிய திரைக்கு மாற்றிவிட்டாள். பத்தொன்பது வரி. ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று மஞ்சள் நட்சத்திரம். அதன் கீழே விளையாட்டை நீக்கிய தேதி. அதன் எதிரே, காரணம்: கடினம்.

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று படித்தார்கள்.

அப்படியானால் ஏன் விட்டீர்கள் என்று ஆனந்தகுமார் கேட்டார். மைக்கில் கேட்கவில்லை, மெதுவாக அவளிடம்தான் கேட்டார். அவள் மைக்கிலேயே பதில் சொன்னாள்.

“நான் எங்க நிக்கோணும், எத்தன நேரம் நிக்கோணும்னு எனக்குத் தெரியுமுங்க. என்ற பாட்டுக்குப் போயிட்டிருந்தேன். எனக்கு மார்க்குப் போடச் சொல்லி நான் யாரையும் கேக்கல. வேல செய்யற எடத்துல தெனமும் போடறாங்க, அத மாத்த முடியல. வெளையாடற எடத்துலயுமா?”

அப்போது முன்வரிசையில் ஷாஹுல் எழுந்துவிட்டான். முகம் சிவந்திருந்தது. நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் தான் அன்றைக்கே விளையாட்டை விட்டுவிடுவதாகவும், அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மற்றவர்களுக்கு இல்லாமல் செய்துவிடக்கூடாது என்றும் சொன்னான். பலர் ஆமாம் என்றார்கள். ஓர் ஓட்டுநர் மட்டும், நேரக் கணக்கெல்லாம் எங்களுக்கு ரோட்டிலேயே போதும் என்று முணுமுணுத்தார்.

“உங்களுக்கு வேணும்னா வெச்சுக்கோங்க தம்பி. எடுக்கச் சொல்லி நான் சொல்லவே இல்ல,” என்றாள் தெய்வநாயகி. “எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். வேண்டாம்னா முடியாதுன்னு எழுதறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகல.”

கேடயத்தை அவள் வாங்கவில்லை. கோபித்துக்கொண்டு தள்ளவும் இல்லை. வேறு யாருக்காவது கொடுங்கள் என்று ஆனந்தகுமாரிடமே விட்டுவிட்டு இறங்கினாள். நேராக மோனிஷாவிடம் போய், அந்த வார்த்தையை அழிக்கச் சொன்னாள். பட்டியலில் வேறு எதுவும் இல்லையே மேடம் என்று மோனிஷா தவித்தாள். இல்லையென்றால் புதிதாக ஒன்று சேர், நான் நிற்கிறேன் என்றாள் தெய்வநாயகி. மோனிஷா ஆனந்தகுமாரைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். அவள் ஏதேதோ பக்கங்களைத் திறந்து, பட்டியலின் கடைசியில் ஒரு காலிக் கட்டம் உண்டாக்கி, என்ன எழுதட்டும் என்று கேட்டாள். ‘மதிப்பெண் வேண்டாம்’ என்று எழுதச் சொன்னாள். எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் தெய்வநாயகி பையை எடுத்தாள்.

படியிறங்கும்போது ஆனந்தகுமார் பின்னாலேயே வந்தார். நட்சத்திரம் வந்தபிறகு தினமும் விளையாடுகிறவர்கள் ஒன்றரை மடங்காகிவிட்டார்கள் என்றும், அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டு, விட்டுப் போனவர்களைப் பற்றித் தான் யோசிக்கவே இல்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். நட்சத்திரம், கடிகாரம், பூட்டு எதுவும் இல்லாமல் தனியாக ஒரு பாதை வைத்துக் கொடுத்தால் நீங்கள் திரும்பி வருவீர்களா என்று கேட்டார்.

வருகிறேன் என்று சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“வெச்சுக் குடுங்க, இன்னொருத்தருக்கு ஆகும். நான் வரமாட்டனுங்க. ஒருக்கா அந்த ரோட்டுல கடியாரத்தப் பாத்து ஓட்டிட்டேன். இனி எங்க நிறுத்துனாலும், எத்தன நொடி போச்சுன்னு மனசே எண்ணும்.”

அவர் சரிங்க என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னன் கேடயம் எங்கே என்று கேட்டான். நடந்ததைச் சொன்னாள். பித்தளை லாரியா, நல்ல கனமா இருந்திருக்குமே என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தான். பட்டறைக்கு யாரோ அந்த விழாவைப் போனில் பிடித்து அனுப்பியிருந்தார்கள். பார்த்தவர்களில் பாதிப்பேர் உன் சம்சாரம் சரியாகத்தான் கேட்டது என்றார்களாம், மீதிப்பேர் திமிர் என்றார்களாம். எந்தப் பாதியில் அவன் என்று அவள் கேட்டாள். நான் எல்லாம் பன்னிரண்டாவது பாதையிலேயே நிற்கிறேன், என்னைக் கேட்காதே என்றான்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் சுவாமிநாதன் பெயர்களைப் படித்தார். அன்று தெய்வநாயகி ஒன்பது பேருக்குப் புடவை விற்றாள். ஒருவரிடமும் நட்சத்திரம் போடச் சொல்லிக் கேட்கவில்லை. பில் போடும் இடம்வரை போய் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். இரண்டு பேர் தாங்களாகத் தொட்டார்கள், ஏழு பேர் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. வாரக் கடைசியில் சுவாமிநாதன் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஏன் கேட்பதில்லை என்றார்.

“பொடவை காட்டறது என்ற வேலைங்க சார். அதுல ஒரு கொறை சொல்லுங்க, திருத்திக்கறேன். ஸ்டார் போடச் சொல்லிக் கேக்கமாட்டேன்.”

வேலை போய்விடுமோ என்று அன்று முழுக்கப் பயந்துகொண்டிருந்தாள். விளையாட்டைத் தூக்கிப் போட்டதுபோல வேலையைத் தூக்கிப் போட முடியாது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் மறுநாளும் கேட்கவில்லை. வேலை போகவில்லை. மாதம் பிறந்ததும் அவளைப் பட்டுப் பிரிவிலிருந்து தரைத்தளத்தில் லுங்கி, துண்டு விற்கும் பகுதிக்கு மாற்றினார்கள். தண்டனை என்று எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாம் மாடிப் பெண்கள் வருத்தப்பட்டார்கள். பதினோரு வருஷம் பட்டு விரித்த கையில் கட்டம் போட்ட லுங்கி. முதல் இரண்டு நாள் அவளுக்கும் அழுகை முட்டியது. யாரிடமும் மாற்றித் தரச் சொல்லிப் போய் நிற்கவில்லை. மூன்றாம் நாள் அலமாரியில் கலைந்து கிடந்த அத்தனையையும் இறக்கி, நூல் மெல்லியதா தடிப்பா என்று சொல்லும் நூல் எண்ணைப் பார்த்துத் தன் இஷ்டப்படி அடுக்கினாள். லுங்கி வாங்க வருகிற ஆண்கள் நட்சத்திரத் திரையைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம், ஷாஹுல் அவளைத் தேடிக்கொண்டு கடைக்கு வந்தான். மூன்றாம் மாடியில் விசாரித்தபோது, அங்கிருந்த பெண்கள் நட்சத்திர விஷயத்தைச் சொல்லிக் கீழே அனுப்பியிருந்தார்கள். மாமா கடை ஆட்களுக்கு ஆறு லுங்கி வேண்டும் என்றான். ஆனால் லுங்கியைப் பார்க்கவில்லை. ‘சும்மா ஓட்டு’ என்று புதிதாக ஒரு வழி விட்டிருக்கிறார்கள், தெரியுமா என்று கேட்டான். தெரியும், மோனிஷா போன் செய்து சொன்னாள் என்றாள் தெய்வநாயகி. ‘மதிப்பெண் வேண்டாம்’ என்று தொட்டவர்கள் நானூறு பேரைத் தாண்டிவிட்டார்களாம், அதில் பாதிப்பேர் திரும்பி வந்திருக்கிறார்களாம்.

“நீங்க போகலையாக்கா?”

“இல்ல தம்பி.”

ஷாஹுல் தயங்கினான். அந்த வழியில் தானும் ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னான். அக்கா அப்படிச் சொன்னீங்களே, என்னதான் இருக்கிறது என்று பார்க்க நினைத்தானாம். தொப்பூரில் மழை வந்தது, நிறுத்தினான், வைப்பர் ஆடியது, அவ்வளவுதான். இப்போது ஏதாவது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தானாம். பத்து நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை, விட்டுவிட்டான்.

“எப்படிக்கா அதுல ஒன்றர வருஷம் ஓட்டுனீங்க? ஒண்ணுமே இல்லையேக்கா அதுல.”

தெய்வநாயகி வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஆமாம், ஒன்றுமில்லைதான் என்றாள். அவனும் சிரித்தான். உனக்கு ஆகாதது எனக்கு ஆச்சு, எனக்கு ஆகாதது உனக்கு ஆகிறது, இதில் யார் மேலும் தப்பில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே ஆறு லுங்கிகளை எடுத்துப் போட்டாள். அவன் கட்டத்தைப் பார்த்து இரண்டைத் திருப்பிக் கொடுத்தான். அவள் வேறு இரண்டு எடுத்தாள்.

பில் போட்டுவிட்டு அவன் அந்தச் சிறிய திரைமுன் விரலை நீட்டிக்கொண்டு நின்றான். அஞ்சு போட்டுடறேன்க்கா, மறுபடியும் மேல மாத்திடுவாங்க என்றான்.

“போடாதீங்க தம்பி,” என்றாள் தெய்வநாயகி. “லுங்கி நல்லா இருந்தா மறுக்கா வாங்க.”

அடுத்து ஒருவர் துண்டு கேட்டு வந்து நின்றார். அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள்.